குன்னூருக்கு மாற்றலாகி வந்தவர்களின் சனி, ஞாயிறு

மாற்றல் உத்தரவோடு குன்னூர், வெலிங்டன், அருவங்காடு என்று வந்து சேர்பவர்கள் ஆரம்பத்தில் வார இறுதியை ஊட்டி ஏரியிலும் தொட்டபெட்டா வரிசையிலும் கழிப்பார்கள். பிறகு "இங்கே பார்க்க அவ்வளவுதான்" என்று முடிவு கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். சுற்றுலா வந்தவருக்கு இரண்டே நாள், அவர் வரிசையில் நின்றுதான் ஆகவேண்டும். வீடு எடுத்துத் தங்கியிருப்பவருக்கு அந்தத் தலையெழுத்து எதற்கு? கூட்டம் ஊட்டிக்கு ஏறும் நாளில் கோத்தகிரிக்கோ, மேட்டுப்பாளையம் சாலையில் கீழே இருக்கும் பர்லியாருக்கோ போங்கள். மழை எந்தப் பக்கம் என்று பார்த்து மறுபக்கம் கிளம்புங்கள்.

முதலில் மழைக் கணக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி, அப்பர் பவானிப் பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அதே மேகம் முகடு தாண்டிக் கோத்தகிரிக்கு வருவதற்குள் பெரும்பகுதியைக் கொட்டித் தீர்த்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில் மோதுவதால் குன்னூரும் கோத்தகிரியும் நனையும். ஆகவே ஜூலை ஞாயிறு என்றால் கோத்தகிரி, நவம்பர் ஞாயிறு என்றால் ஊட்டிக்கு மேற்கே. நவம்பரில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து மலை ரயில் நிற்பதும் வழக்கம். குன்னூர்–ஊட்டி வண்டி பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது கடிகாரம். வியூ பாயின்ட் எதுவானாலும் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏற ஏற பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சரிவோடு மேலே வந்து, குளிர்ந்து, மஞ்சாகிவிடும், அதாவது மூடுபனியாகிவிடும். காலை எட்டரைக்கு டால்பின் நோஸில் நின்றால் எதிர்ச்சரிவில் கேத்தரின் அருவி முழுதாகத் தெரியும். மதியம் அதே இடத்தில் நின்றால் வெள்ளைத் திரைதான்.

ரயிலுக்கு வருவோம். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குப் புறப்படும் வண்டியில் இடம் பிடிக்கத்தான் வெளியூர்க்காரர்கள் மாதக்கணக்கில் முன்பதிவு செய்து காத்திருக்கிறார்கள். குன்னூரில் இருப்பவர் அதில் ஏறவே வேண்டாம், பார்த்தால் போதும். பத்தரை மணி சுமாருக்கு நடைமேடையில் நில்லுங்கள். 12 அடி போனால் 1 அடி ஏறும் ஏற்றத்தில், தண்டவாளத்தின் நடுவே பற்களோடு ஓடும் பல்சட்டத்தைப் பற்றியபடி, நீராவி என்ஜின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். இழுக்காமல் தள்ளுவதற்குக் காரணம் உண்டு. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தில் உருளாமல் என்ஜின் கீழே தாங்கி நிற்கும். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் மாட்டுவார்கள், ஏனென்றால் இதற்கு மேல் பல்சட்டம் கிடையாது. 1899-இல் குன்னூரோடு நின்ற பாதை 1908-இல்தான் ஊட்டியை எட்டியது. ஊட்டிக்குப் போக ஆசையிருந்தால் காலையில் இங்கிருந்தே கிளம்பும் வண்டியில் முன்பதிவில்லாத சீட்டு வாங்குங்கள். அரை மணி முன்னதாகக் கவுன்ட்டரில் இருக்கவேண்டும். வழியில் உள்ள கேத்தியில் இறங்கி, பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பினால் ஊட்டிக் கூட்டத்தைத் தொடாமலே அரை நாள் நன்றாகப் போகும்.

தேயிலை வாங்குவதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மெயின் ரோட்டில் "ஃபேக்டரி விசிட்" பலகை மாட்டிய இடங்களில் ஓடுவது பாதி கண்காட்சி. வேலை நடக்கும் ஃபேக்டரியைப் பார்க்க அனுமதி கேட்டு சனிக்கிழமை மாலை போங்கள். அன்றைய கொழுந்து அப்போதுதான் லாரியில் இறங்கி, வாட்டும் தொட்டிகளில் பரப்பப்படும். அடியிலிருந்து காற்றை ஊதி பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் வாட்டிய பிறகுதான் கொழுந்து உருட்டும் இயந்திரத்துக்கே போகும். பல எஸ்டேட்டுகளில் ஞாயிறு பறிப்பு இல்லை, அதனால் திங்கள் காலை போனால் காலித் தொட்டிதான் மிஞ்சும். ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ பச்சைக் கொழுந்து சுமாராக வேண்டும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால், ரோட்டோரத்தில் "முதல் தரம்" என்று அடிமாட்டு விலைக்கு விற்பது என்ன சரக்கு என்பது புரிந்துவிடும்.

பால் ஊற்றிக் குடிப்பவருக்கு, கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய குருணை போன்ற சி.டி.சி. தூள் போதும். கறுப்பாகக் குடிப்பவர் இலையை உருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் வாங்கலாம், அதிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரில் மெல்ல வளர்ந்த கொழுந்தின் தூளைக் கேட்டு வாங்கவேண்டும். ஒரு சிட்டிகையை விரலில் நசுக்கினால் முறுமுறு என்று நொறுங்கவேண்டும். வளைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது, அதன் வாசனை தங்காது. சாயம் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வடிதாளில் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, பிறகு தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் குழாயடியில் அலசுங்கள். அப்படியும் கறை நின்றால் அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள்.

இன்னொரு சங்கதி. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் கிட்டத்தட்ட 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகவில்லை என்று புதிதாக வந்த வீடுகளில் எழும் புலம்பலுக்குக் காரணம் இதுதான், குக்கர் இல்லாமல் இங்கே குடித்தனம் நடத்த முடியாது. டீயிலும் சாறு மெதுவாகவே இறங்கும். 200 மில்லி தண்ணீருக்கு இரண்டரை கிராம் ஆர்த்தடாக்ஸ் போட்டு, சென்னையில் மூன்று நிமிடம் என்றால் இங்கே நான்கு, நான்கரை நிமிடம் மூடி வையுங்கள். ஊருக்குக் கொடுத்தனுப்பும்போது இதைச் சொல்லியனுப்பாவிட்டால் "கசக்கிறது" என்று போன் வரும்.

கூடவே வர்க்கி, டீயோடு கடிக்கும் மொறுமொறு பேக்கரிப் பண்டம். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விறகடுப்பு பேக்கரியில் சூடாக எடுத்ததை அங்கேயே பையில் கட்டி முடிச்சுப் போடாதீர்கள், உள்ளே வியர்த்து நமத்துவிடும். ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போடவேண்டும். மஞ்சுக் காலத்தில் திறந்து வைத்தால் ஒரே ராத்திரியில் ரப்பராகிவிடும். அப்படி ஆனதை வெறும் தோசைக்கல்லில் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் புரட்டி ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும், சுடச்சுடக் கடித்துப் பார்த்துவிட்டு மொறுக்கவில்லையே என்று தூக்கிப் போட வேண்டாம்.

கோத்தகிரிக்கு குன்னூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகலாம். போனால் லாங்வுட் சோலை என்ற மலைக்காட்டை விடாதீர்கள். வெறும் 116 ஹெக்டேர். 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குட்டை மரங்கள், பாசி படர்ந்த கிளைகள், காலடியில் மெத்தென்ற இலைமக்கு. இந்த மக்குதான் மழையைப் பிடித்து வைத்துக் கோடையில் ஊற்றாக விடுகிறது, சுற்றுக் கிராமங்களின் குடிநீர் இதை நம்பித்தான் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். தீ அபாயமுள்ள கோடை மாதங்களில் பாதையை மூடுவதும் உண்டு. கன்னேரிமுக்கில் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பங்களா ஒரு மணி நேரப் பார்வைக்குத் தகும். கொடநாடு காட்சிமுனைக்குப் போவதானால் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று டிரைவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அந்தி சாய்ந்த பிறகு தேயிலைத் தோட்டக் குறுக்குப் பாதை வேண்டாம். காட்டெருமை செடி மறைவில் படுத்திருக்கும், கிட்டே போகும்வரை பாறை என்றே தோன்றும். கோத்தகிரிப் பக்கம் கரடி. கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்கும் பேக்கரிப் பண்டத்துக்கும் ஊருக்குள்ளேயே வந்து போகிறது.

சமவெளியிலிருந்து சொந்தபந்தம் காரில் வருவதாயிருந்தால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் அது தேவையில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிக்குத்தான் பாஸ் என்ற வரம்பு 2025-இல் வந்தது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் கீழேயே விட்டுவிட்டு வரட்டும், சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் ஒரு ஞாயிறு காலை பர்லியாருக்கு இறங்குங்கள். மங்குஸ்தான் காலம், துரியனும் கிடைக்கும். மங்குஸ்தான் பழத்தைக் கவிழ்த்து அடியில் உள்ள பூப்போன்ற வடுவைப் பாருங்கள். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் கூடினால் சுளை சிறிதாகி விதையும் குறையும். காம்பிதழ் பச்சையாக, ஓடு விரலுக்கு லேசாக அமுங்குவதாக இருக்கவேண்டும். கல்லாக இறுகியது காய்ந்த பழம், எடுக்காதீர்கள். ஓட்டில் மஞ்சள் பசை வடிந்திருந்தால் உள்ளே சுளையும் கசக்க வாய்ப்புண்டு. இரு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அமுக்கினால் ஓடு பிளந்துவிடும். சாறு பட்டால் சட்டைக் கறை போகவே போகாது. மூன்று மணிக்குள் மேலே ஏறிவிடுங்கள். அதற்குப் பிறகு ஊட்டிக் கூட்டம் மொத்தமும் கீழே இறங்க ஆரம்பிக்கும், ஏறுகிற பஸ்ஸும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் காத்து நிற்கவேண்டியதுதான்.