தகரப் பெட்டிக்குள் ஒரு கிணறு

"இதெல்லாம் உனக்கு எதுக்கு சாமி?"

கேட்டுக்கொண்டே அந்த அம்மாயி கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்து வீடு.

பழைய பத்திரங்கள், கல்யாணப் பத்திரிகைகள், அடியில் ஒரு நீள நோட்டு. கிணறு வெட்டிய செலவுக் கணக்கு.

மருந்து வைத்துப் பாறை உடைத்தவர்களுக்குக் கூலி. மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையின் பறிக்கு, அதாவது தோல் வாளிக்கு, தோல் தைத்த கூலி. மண் சுமந்த பெண்களுக்குக் கம்பு, வள்ளம் என்ற தானிய அளவையில், வள்ளம் வள்ளமாக. ஒவ்வொரு பெண்ணின் பெயரும் தனித்தனியாக! ஆழம்கூட அடிக்கணக்கில் இல்லை, கிணற்றாழத்தை அளக்கும் பழைய அளவான மட்டுக் கணக்கில்.

கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசனம்தான் என் ஆய்வு. இரண்டு வருடம் இணையத் தரவுத்தளங்களில் தேடினேன். 1887இல் நிக்கல்சன் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு கிடைத்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய்த் துறைக் கோப்புகளைப் புரட்டினேன். அவை இல்லாமல் இந்த ஆய்வே இல்லை. ஆனால் அவை வரி வாங்கியவர்கள் எழுதியவை. மண் சுமந்தவள் என்ன வாங்கினாள் என்று எந்தத் தேடுசொல் போட்டாலும் வராது.

நோட்டைக் கேட்கவில்லை, அது அந்த வீட்டுச் சொத்து. திண்ணை வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தேன். அப்புறம் பெயர்களை வாசிக்க வாசிக்க, அம்மாயி ஒவ்வொருவரையும் பற்றிச் சொன்னார். யார் மகள், எந்த ஊருக்குக் கட்டிக் கொடுத்தது, எப்போது போய்ச் சேர்ந்தாள். அதையும் பதிவு செய்துகொண்டேன்.

ஒரு பெயரில் மட்டும் நிறுத்தச் சொன்னார்.

"இவ இருக்கறா சாமி. வெள்ளகோவில்ல, பேரன் வீட்டுல."

காலையில் முதல் பேருந்துக்குக் கிளம்புகிறேன்.