வைவாவில் என்னைக் காப்பாற்றியது ஒரு பென்சில் படம்

போன செவ்வாய்க்கிழமை என் முனைவர் பட்ட வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, முடிந்தது. சிறு திருத்தங்களோடு தேர்ச்சி, மூன்று மாதத் தவணை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். எனக்குப் பேச்சே வரவில்லை. "பசியாறிட்டியா?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார். அழுதுவிட்டேன்.

ஐந்தரை வருடம். எங்கள் ஆய்வுக்கூடத்து மாணவர்களில் தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். பினாங்கில் செறிபொருள் இயற்பியல் (திடப்பொருள் போன்றவற்றின் இயற்பியல்) எடுத்து, அதுவும் சோதனைப் பக்கம் வந்திருக்கும் தம்பி தங்கைகள் யாராவது இருந்தால் அவர்களுக்காகச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் பொருள் ஒய்.பி.சி.ஓ. யிட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த கருப்புப் பீங்கான். 1987இல் வந்த மீக்கடத்தி. 92, 93 கெல்வினுக்குக் கீழே மின்தடை மறைந்துவிடும். திரவ நைட்ரஜன் கொதிப்பது 77இல் என்பதால், ஹீலியம் வாங்க வசதியில்லாத கூடத்திலும் இதைச் செய்யலாம். பொடிகளை அகேட் கல்வத்தில் மணிக்கணக்காக அரைத்து, 900 டிகிரிக்கு மேல் சுட்டு, வில்லையாக அழுத்தி, திரும்பச் சுட்டு, ஆக்சிஜனில் மெதுவாக ஆறவிட வேண்டும். சரியாக வந்தால் கரிக்கருப்பு. கலவை பிசகினால் பச்சை தெரியும். முதல் ஏழு மாதம் உலையைத் திறந்தபோதெல்லாம் பச்சைதான் பார்த்தேன். கருப்பாக வந்த பிறகும் நிம்மதி இல்லை. நம் ஊர் ஈரம் இந்தப் பொருளுக்கு விஷம். வில்லைகளை சிலிகா ஜெல்லோடு மூடி வைக்காவிட்டால் கெட்டுப்போகும்.

யிட்ரியம் இருக்கும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்சியம் சேர்த்தால் மின்தடை மறையும் அந்த வெப்பநிலை எப்படி இறங்குகிறது என்பதுதான் என் ஆய்வு. சில கெல்வின் வித்தியாசம். அந்தச் சில கெல்வினில்தான் என் பட்டமே இருந்தது.

இனி என் தவறு. இரண்டாம் வருடம் முழுக்கக் குளிர்விக்கும்போது மட்டும் அளந்தேன். மூன்றாம் வருடம் ஒருநாள் ஹீட்டர் போட்டுச் சூடேற்றியும் அளந்து பார்த்தேன். ஒரே வில்லை, குளிரும்போது 89, சூடேறும்போது 95. ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு வாரம் தூங்கவில்லை. மேற்பார்வையாளரிடம் சொல்லக் கட்டுரை வரைவுகூடத் தொடங்கிவிட்டேன். கூடத்துத் தொழில்நுட்பர் அண்ணன் ஒருவர், இருபது வருடமாகப் பம்புகளோடு வாழ்பவர், வில்லை வைக்கும் ஹோல்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, தெர்மாமீட்டரை இந்தக் கோடியில ஒட்டியிருக்கியே, வில்லை அந்தக் கோடியில இல்ல இருக்கு?"

அவ்வளவுதான். தெர்மாமீட்டர் ஒட்டியிருந்த தாமிரக் கட்டை முதலில் குளிர்கிறது, வில்லை பின்னால் வருகிறது. கட்டை 89 காட்டும்போது வில்லை இன்னும் 92இல் நிற்கிறது. சூடேற்றும்போது அப்படியே தலைகீழ். நான் ஒவ்வொரு வில்லையையும் ஒவ்வொரு வேகத்தில் குளிர்வித்திருந்ததால், கால்சியத்தின் விளைவு எது, என் அவசரத்தின் விளைவு எது என்று பிரிக்க வழியில்லை. பதினான்கு வில்லைகளையும் மறுபடி அளந்தேன். பிளாட்டினம் தெர்மாமீட்டரை வில்லைக்குப் பக்கத்திலேயே கிரீஸ் தடவி ஒட்டி, நிமிடத்துக்கு அரை கெல்வின் வேகத்தில், இறக்கமும் ஏற்றமும் ஒன்றன்மேல் ஒன்று படியும் வரை. எட்டு மாதம் போனது. அண்ணன் சொன்ன அன்று மாலையே குறிப்பேட்டில் பழைய ஹோல்டரையும் புதிய ஹோல்டரையும் பென்சிலால் பக்கத்துப் பக்கத்தில் வரைந்து, தேதி போட்டு, தூரங்களை மில்லிமீட்டரில் குறித்தேன்.

வைவாவில் வெளித்தேர்வாளர் என் அறிமுக அத்தியாயத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கோட்பாட்டுக்காக நான் உருப்போட்ட நாற்பது பக்கமும் வீண். எழுந்து நின்று மார்க்கரை என் கையில் கொடுத்தார். "உன் ஹோல்டரை வரை. தெர்மாமீட்டர் எங்கே, மின்கம்பி எங்கே, வெப்பம் எந்த வழியாக வருகிறது, காட்டு." வரைந்தேன். நான்கு முனைகள், வெளியே இரண்டில் மின்னோட்டம், உள்ளே இரண்டில் வோல்ட்மீட்டர். மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றி ஏன் அளந்தாய் என்றார். 10 மில்லிஆம்பியர் விட்டால் வில்லையில் கிடைப்பது 10 மைக்ரோவோல்ட் அளவுதான், கம்பி இணைப்புகளில் வெப்பத்தால் எழும் மின்னழுத்தமே அதற்குச் சமமாக வந்துவிடும், திசையை மாற்றி அளந்தால்தான் அதைக் கழிக்க முடியும் என்றேன். பிறகு குறிப்பேட்டைத் திறந்து அந்தப் பென்சில் பக்கத்தைக் காட்டினேன். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். அதற்கப்புறம் அறையின் காற்றே மாறிவிட்டது.

அதனால் என்னைக் கேட்டால் வைவாவுக்கு ஒரே ஒரு பயிற்சி போதும்: கண்ணை மூடி உங்கள் ஹோல்டரை வரையுங்கள். வரைய முடியாத இடம் எதுவோ, கேள்வி அங்கேதான் வரும்.

விருதுநகர்ப் பக்கம் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணனை ராமனோடு சேர்த்து மட்டும்தான் நமக்குத் தெரியும். அப்புறம் டாக்காவுக்குப் போய் அவர் செய்த வேலைதான் எனக்கு உயிர். சின்னப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்து, திசைக்குத் திசை அதன் காந்தத்தன்மை எப்படி வேறுபடுகிறது என்று அளந்தார். படிகம் எப்படித் தொங்குகிறது என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

மற்றவை, நினைவுக்கு வந்த வரிசையில்:

- மின்தடை "சுழி" என்று சொல்லாதீர்கள். "என் கருவியின் எல்லைக்குக் கீழே" என்று சொல்லி, அந்த எல்லையை எண்ணாகச் சொல்லுங்கள்.
- அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்று 2023இல் சொல்லப்பட்ட எல்.கே.-99 பற்றிக் கேட்பார்கள், என்னையும் கேட்டார்கள். மின்தடை திடீரென்று சரிந்ததற்குக் காரணம் கலந்திருந்த தாமிர சல்பைடு. அது 104 டிகிரி செல்சியஸ் பக்கம் தன் கட்டமைப்பை மாற்றிக்கொள்ளும். இதைத் தெரிந்து வைத்திருங்கள்.
- 100 ஓம் பிளாட்டினம் தெர்மாமீட்டர் திரவ நைட்ரஜனில் 20 ஓம் பக்கம் காட்ட வேண்டும். அளக்கப் போகும் ஒவ்வொரு நாளும் சரிபாருங்கள்.
- ஆய்வேட்டின் மலாய்ச் சுருக்கத்தைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். என் திருத்தங்களில் பாதி அதில்தான்.
- குறிப்பேட்டில் பேனா. படத்துக்கு மட்டும் பென்சில். தாளைக் கிழிக்கவே கூடாது.

குறிப்பேட்டைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பெல் ஆய்வகத்தில் ஷோன் என்பவர் தரவைப் புனைந்த விவகாரம் 2002இல் வெடித்தபோது விசாரணைக் குழு கேட்டது மூலத் தரவையும் குறிப்பேட்டையும்தான். அவரிடம் இரண்டும் இல்லை. வெவ்வேறு சோதனை என்று சொல்லப்பட்ட படங்களில் ஒரே இரைச்சல் திரும்ப வந்ததை மற்ற இயற்பியலாளர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

நண்பர்களை உட்காரவைத்து ஒத்திகை பார்ப்பது சிலருக்குச் சரிவரும். எனக்குச் சரிவரவில்லை. கூட்டத்தில் என் கை நடுங்கும். காலை ஆறு மணிக்கு, பம்ப் சத்தம் மட்டும் இருக்கும் கூடத்தில், வெண்பலகை முன்னால் தனியாக நின்று வாய்விட்டுப் பேசினேன். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இப்படிச் செய்து பாருங்கள்.

வேலை என்ன கிடைக்கும் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பாயான் லெப்பாஸில் 1972இல் இருந்தே இன்டெல் இருக்கிறது, அதைச் சுற்றி எத்தனையோ சிப் தொழிற்சாலைகள். நான்கு முனை அளவீடு அங்கேயும் அன்றாட வேலைதான். எனக்கு அடுத்த மாதம் அங்கே ஒரு நேர்காணல். வெளிநாட்டில் முதுமுனைவர் ஆய்வுக்கும் இரண்டு இடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். மனசு இரண்டாவதில்தான் இருக்கிறது.

வெளித்தேர்வாளர் கேட்ட முதல் திருத்தம், மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டு ஹோல்டர்களின் படத்தையும் சேர்க்க வேண்டும் என்பது. கணினியில் அழகாக வரையட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அந்தப் பக்கத்தையே ஸ்கேன் செய்து போடு என்றார். நேற்று ராத்திரி ஸ்கேன் செய்தேன். ஓரத்தில் கிரீஸ் கறை இருக்கிறது, அப்படியே விட்டிருக்கிறேன்.