செம்பனைக்கு நடுவே 4ஜி: பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன்

சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கம் (பெரியவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், இருட்டின பிறகு பிள்ளைகள் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருப்பார்கள். "எந்நேரமும் போனு" என்று ஏச வேண்டாம். பாதிப் பேருக்கு வீட்டில் லைன் கிடையாது. யுபியு (அரசாங்கப் பல்கலைக்கழக) விண்ணப்பம், மெட்ரிகுலேஷன், பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன், பள்ளியின் டெலிமா பாடம் எல்லாமே இணையத்தில்தான். கடைசி நாளைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

லயத்து வீட்டில் லைன் விழாததற்கு முதல் காரணம் தகரக் கூரை. உலோகத்தை அலை தாண்டாது. பலகைச் சுவர், ஜன்னல் வழியாக வருவதுதான் வரவு. இரண்டாவது காரணம் செம்பனை. மட்டையில் இருக்கும் நீர் அலையை உறிஞ்சும், மழை பெய்து நனைந்தால் இன்னும் அதிகமாக. மறுநடவு செய்த புதிதில் நன்றாக லைன் கிடைத்த வீட்டில், பத்துப் பதினைந்து வருடத்தில் மரம் கூரையைத் தாண்டியதும் லைன் போய்விடும். கோபுரம் அதே இடத்தில்தான் இருக்கும், கைப்பேசியிலும் கோளாறு இருக்காது. 2600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை முதலில் அடிபடும். 900 ஓரளவு புகுந்து வரும். 2021 கடைசியில் 3ஜியை நிறுத்திவிட்டார்கள். அதனால் 4ஜி எட்டாத மூலையில் கைப்பேசி நேராக 2ஜிக்கு இறங்கும். பேசலாம், படிக்க முடியாது.

முதலில் அளந்து பாருங்கள். திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கணக்கில் போடுகிறது. ஆண்ட்ராய்டில் நெட்மான்ஸ்டர் செயலியைத் திறந்து ஆர்எஸ்ஆர்பி எண்ணைப் பாருங்கள்; கோபுரத்து அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்று அது காட்டும். ஐபோனில் *3001#12345#* அடித்து அழைத்தால் வரும். எண் -85 பக்கம் இருந்தால் அருமை. -100 வரை வகுப்புக்குத் தாங்கும். -110ஐத் தாண்டினால் ஆசிரியர் முகம் உறைந்து நிற்கும். -120இல் அறுந்துவிடும். வீட்டின் நான்கு பக்கமும், ஜன்னலோரம், வாசல், கூரை உயரம் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் நின்று எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா கம்பெனி சிம்மையும் போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்கு நல்லதாக இருப்பது உங்கள் வீட்டுக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

வெளியே -105, உள்ளே -118 என்றால் சிம் ரவுட்டரும் வெளி ஆண்டெனாவும் போதும். ரவுட்டர் வாங்கும்போது பின்னால் ஆண்டெனா மாட்ட இரண்டு துளை இருக்கிறதா, ஒரே அலைவரிசையில் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறதா, சிரிம் (தரச் சான்று) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மீன்முள் மாதிரி இருக்கும் ஆண்டெனா இரண்டு வாங்கி, ஒன்றை இடப்பக்கம் 45 பாகையும் மற்றதை வலப்பக்கம் 45 பாகையும் சாய்த்து, இரும்புக் குழாயில் கட்டுங்கள். 15 பாகை 15 பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் எண் நிலைக்கும்வரை பொறுங்கள். ஆர்எஸ்ஆர்பி கொஞ்சம் குறைந்தாலும் எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலுக்கு நடுவே அலை எவ்வளவு தெளிவு என்ற எண்) 10க்கு மேல் வரும் திசையே சரியான திசை.

பலர் கோட்டை விடுவது கேபிளில். மலிவான மெல்லிய ஆர்ஜி58 கேபிள் 10 மீட்டர் இழுத்தால், ஆண்டெனா பிடித்ததில் முக்கால்வாசிக்கு மேல் வழியிலேயே தீர்ந்துவிடும். ஆண்டெனா கேபிளை 2 மீட்டருக்குள் முடித்து, ரவுட்டரைக் கூரை விளிம்புக்குக் கீழே நிழலில் வைத்து, அங்கிருந்து வீட்டுக்குள் லேன் கேபிள் இழுங்கள்; அது 100 மீட்டர் வரை தாங்கும். தகரத்தை ஒட்டி வைத்தால் மத்தியானச் சூட்டில் ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எழும். 12 வோல்ட் மின்சாரத்தை மெல்லிய கம்பியில் நீட்டினாலும் இதே தொல்லைதான். தடித்த கம்பி போடுங்கள். மழை இருட்டிக்கொண்டு வரும்போதே, இடி தொடங்குவதற்கு முன், மின்சாரத்தையும் லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். நம் நாட்டு மாலை மழையில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இணையத்தில் விற்கும் முத்திரையில்லாத 'பூஸ்டர்' பெட்டிகள் மட்டும் வேண்டாம். சட்டப்படி குற்றம். அதோடு அது கோபுரத்துக்கு இரைச்சலை அனுப்பி வட்டாரத்துக்கே லைனைக் கெடுக்கும்.

எண் நன்றாக இருந்தும் ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரை மட்டும் மெதுவாக ஓடுகிறதா? அது கோபுரத்தில் நெரிசல். ஆண்டெனாவால் தீராது. விண்ணப்பத்தை விடியற்காலை ஐந்து ஆறு மணிக்கு அனுப்பச் சொல்லுங்கள், அல்லது ஊரில் நாடி மையம் (அரசாங்க இணைய மையம்) இருந்தால் அங்கே போகட்டும். கூடவே புகார் கொடுங்கள். முதலில் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, அவர்கள் தீர்க்காவிட்டால் எம்சிஎம்சிக்கு (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்). "லைன் ஸ்லோ" என்று எழுதினால் நகராது. தேதி, மணி, வீட்டின் வரைபடப் புள்ளி, ஆர்எஸ்ஆர்பி, வேகச் சோதனையின் படம், இவ்வளவையும் ஒரு வாரத்துக்குச் சேர்த்து அனுப்புங்கள். அந்தப் பாலத்துக் கட்டைப் பிள்ளைகளிடமே இந்த வேலையைக் கொடுக்கலாம். நம்மைவிட வேகமாகச் செய்வார்கள்.