சூடு ஆறாத சுருள்

எங்கள் மேலதிகாரி அம்மையாரை மலாய் வழக்கப்படி ‘புவான்’ என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் நான் முதன்முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டது ஒரு குப்பைத்தொட்டியால்.

1996. கோலாலம்பூரில் ஒரு வளர்ச்சி வங்கியின் கடன் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பினாங்கு மாநிலத்தின் பிறையில் நம்மவர் ஒருவர் லேத் பட்டறை வைத்திருந்தார். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகம் செய்து தருபவர். கணினியால் இயங்கும் சிஎன்சி இயந்திரம் வாங்கக் கடன் கேட்டிருந்தார். அடமானம் போதவில்லை. ‘ஆதரிக்கவில்லை’ என்று இரண்டு பக்கம் எழுதி மேசையில் வைத்தேன். புவான் புரட்டிவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: “சுடா பெர்கி தெங்கோ?” போய்ப் பார்த்தாச்சா?

மறுநாள் விடியற்காலையிலேயே கிளம்பினோம். எங்கே போனாலும் முதலாளிமார் எங்கள் டிரைவரிடம்தான் முதலில் கை நீட்டுவார்கள். ஆண் அவர் ஒருவர்தானே! புவான் திருத்தமாட்டார். டிரைவர் குசலம் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே பட்டறையின் பின்பக்கம் போய்விடுவார். அன்றும் அப்படித்தான். லேத்தில் கடையும்போது சுடச்சுட விழும் இரும்புச் சுருள் கொட்டும் தொட்டியருகே நின்று என்னைக் கூப்பிட்டார். “தொட்டுப் பார்.” விரலை வைத்தேன், சுட்டது. அடியில் கிடந்தவையும் துருவேறாமல் பளபளத்தன. அப்புறம்தான் கணக்குப் புத்தகத்தைக் கேட்டார், கூடவே பன்னிரண்டு மாத மின்கட்டண பில்லையும். கடன் கிடைத்தது.

வளர்ச்சி வங்கி என்றால் பலருக்குக் குழப்பம். சேமிப்புக் கணக்கு திறக்க வந்தவர்களை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அரசாங்க நிதியும் பத்திரம் விற்றுத் திரட்டிய பணமும்தான் எங்கள் முதல். போட்ட பணம் திரும்பப் பத்து, பதினைந்து வருடம் பிடிக்கும். அடமானம் போதவில்லை என்று சொல்லி அனுப்ப மற்ற வங்கிகளே போதுமே, நாங்கள் எதற்கு?

அடுத்த வருடமே ஆசிய நிதி நெருக்கடி வந்தது. டாலருக்கு 2.50 இருந்த ரிங்கிட் 1998 ஜனவரியில் 4.88 வரை சரிந்தது. வட்டி பத்து விழுக்காட்டைத் தாண்டியது. பட்டறைக்காரருக்கு அசலைத் தள்ளிவைத்து வட்டியை மட்டும் கட்டச் சொன்னோம். அந்த செப்டம்பர் 1ஆம் தேதி, நாணயக் கட்டுப்பாட்டை அறிவித்தபோது மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் தற்காலிக ஆளுநராக இருந்தவர் ஸெத்தி அக்தார் அஸிஸ் என்ற பெண்மணி. மறுநாள் ரிங்கிட் டாலருக்கு 3.80 என்று நிலைநிறுத்தப்பட்டது. கேன்டீனில் எல்லோரும் ரிங்கிட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, புவான் கோப்பியைக் கலக்கியபடி ‘தற்காலிக’ என்ற சொல்லை மட்டும் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். 2000இல் ஸெத்தி ஆளுநரானார், 2016 வரை இருந்தார். எங்கள் புவானும் பின்னாளில் வங்கியின் தலைமைக்கு வந்தார். அதற்குள் அவர் எத்தனை ‘தற்காலிக’ பதவிகளில் உட்கார்ந்தார் என்று எண்ணி வைத்தவள் நான்.

பாடம் முழுசாய் மண்டையில் ஏறிவிட்டது என்று சொன்னால் அது பொய். சில வருடம் கழித்து ஒரு தொழிற்சாலைக்கு நானே ஆதரவு எழுதினேன். அருமையான கட்டடம், ஏசி வரவேற்பறை, தே தாரிக்கோடு கறிபஃப். கடன் மூழ்கிய பிறகு போனால், எங்கள் பணத்தில் வாங்கிய இயந்திரம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நிற்கிறது. புவான் திட்டவில்லை. கோப்பின் ஓரத்தில் பென்சிலால் அதே மூன்று சொல்: ‘சுடா பெர்கி தெங்கோ?’ திட்டியிருக்கலாம்.

பிரிவுத் தலைவியாக எனக்குக் கடைசி வருடம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தியை ஷா ஆலாமில் ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். மத்தியானம் வாட்ஸ்அப்பில் படம் வந்தது: தொட்டி நிறைய இரும்புச் சுருள். சரி, யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

“படத்தில் சூடு தெரியாதும்மா” என்று பதில் போட்டேன்.