பேட்டன் ரூஜில் பேஸ்பால் பருவம்

வேலை மாறி பேட்டன் ரூஜுக்கு வந்த புதிதில் அக்கம்பக்கத்தாரோடு பேச எங்களுக்கு இருந்தவை இரண்டே விஷயங்கள்: வெயில், புயல். பிப்ரவரியில் பேஸ்பால் தொடங்கியதும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஊர் இருக்கும் லூசியானா மாநிலத்தில், தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் ஆடும் அணி எதுவும் கிடையாது. அதனாலோ என்னவோ, ஊரே எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) மாணவர் அணியைத் தன் வீட்டுப் பிள்ளைகளாக வைத்துக் கொண்டாடுகிறது. பத்தாயிரம் பேர் உட்காரும் அலெக்ஸ் பாக்ஸ் மைதானம் அவர்களுடையது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் உயிரிழந்த முன்னாள் மாணவ ஆட்டக்காரரின் பெயர் அது.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் எங்களை முதலில் அழைத்துப் போனார். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே பார்க்கிங்கில் அடுப்பு மூட்டி, பெரிய இரும்புச் சட்டியில் ஜம்பலாயா என்னும் இந்தப் பக்கத்துச் சோற்றுப் பண்டத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். தட்டை நீட்டியவர், “உங்கள் கிரிக்கெட்டில் பந்தைத் தரையில் குத்தியா போடுவார்கள்?” என்று கேட்டார். பாதி ஆட்டம் அந்த விளக்கத்திலேயே போனது. கல்லூரி ஆட்டத்தில் 1974 முதல் உலோக மட்டைக்கு அனுமதி உண்டு. அடி விழும்போதெல்லாம் பாத்திரக்கடையில் தவலை உருண்ட மாதிரி ‘ணங்’.

ஸ்கிப் பெர்ட்மன் பயிற்சியாளராக வந்த 1984 வரை எல்.எஸ்.யு. ஒருமுறைகூட கல்லூரி உலகத் தொடருக்கு, அதாவது கல்லூரி அணிகளின் தேசியக் கோப்பைக்கான கடைசிச் சுற்றுக்கு, போனதில்லையாம். 1991-இலிருந்து 2000-க்குள் ஐந்து கோப்பைகள். அதில் 1996-ஐப் பற்றிப் பேசாத ஆள் இங்கே இல்லை. மியாமி பல்கலைக்கழகத்துக்கு எதிரான இறுதி ஆட்டம், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட் (மூன்றாமவர் போனால் ஆட்டம் முடிந்தது), எல்.எஸ்.யு. ஒரு ரன் பின்தங்கல். கை எலும்பு முறிவால் பாதிப் பருவத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்திருந்த வாரன் மோரிஸ் முதல் பந்தையே வலப்பக்கச் சுவரைத் தாண்டி அடித்தார். 9-8 என்று எல்.எஸ்.யு.வுக்குக் கோப்பை. அந்தப் பருவத்தில் அவர் அடித்த ஒரே ஹோம் ரன் அதுதான். பெரியவர் இதைச் சொல்லும்போது எழுந்து நின்றுகொள்வார்.

சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கூப்பர்ஸ்டவுன் ஊரில் இருக்கிறது என்றால், கல்லூரி பேஸ்பாலுக்கும் தனியாக ஒன்று உண்டு. 2006-இல் கௌரவிக்கப்பட்ட முதல் குழுவிலேயே பெர்ட்மன் இருந்தார். அங்கே கணக்கில் எடுப்பது கல்லூரியில் ஆடியதைத்தான். பிறகு மேஜர் லீக்கில் சாதித்தாரா என்று பார்ப்பதில்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்த ஏற்பாடு. கல்லூரி என்றாலே அடுத்து எந்த கம்பெனி என்று கேட்டுப் பழகிய வீட்டிலிருந்து வந்தவன் நான். எடி ஃபர்னிஸ் எல்.எஸ்.யு.வுக்காக 80 ஹோம் ரன்கள் அடித்தவர். மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்.

ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியாருக்கு இது பிடிபடவில்லை. “அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான் மாப்பிள்ளை?”

“டாக்டர் ஆயிட்டார் அத்தை.”

“அதானே பார்த்தேன்” என்று நிம்மதியாக வேர்க்கடலையை உரிக்கத் தொடங்கினார்.

ஜூனில் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடருக்குக் காரிலேயே போகலாம் என்கிறார் பெரியவர். பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். எல்.எஸ்.யு. தகுதி பெறுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அவர் ஹோட்டல் அறை போட்டுவிட்டார். அத்தையும் வருகிறாராம்.