இன்னிக்கு எத்தனை

ஏப்ரல் 26, சனி

பிள்ளைகள் வந்தாச்சு. இரண்டு பை, ஒரு தலையணை. அது இல்லாமல் சின்னவள் தூங்கமாட்டாளாம். முகர்ந்து பார்த்தேன், அக்காவின் தலை எண்ணெய். மாமா காபிகூடக் குடிக்காமல், ஆஸ்பத்திரியில் இருக்கும் அக்காவிடம் போக வேலூர் பஸ் பிடிக்கப் போய்விட்டார். "தினமும் சாயங்காலம் சொல்றேன்மா."

ஏப்ரல் 27, ஞாயிறு

பகல் எவ்வளவு நீளம்! டிவியை அணைத்துவிட்டு, குருவிக்குத் தீனி வைக்க இரண்டு லிட்டர் ஜூஸ் பாட்டிலை எடுத்தேன். எதிரெதிரே ஓட்டை போட்டு, ஒரு மரக்கரண்டியைக் கொஞ்சம் சாய்வாகச் சொருகினால் தானியம் கரண்டிக் குழியில் வந்து நிற்கும், குருவி குழி விளிம்பில் உட்கார்ந்து தின்னும். படத்தில் அப்படித்தான் இருந்தது. நான் போட்ட ஓட்டை பெரிதாகிவிட்டது. கால் கிலோ கம்பும் வாசலில். "சித்தி, இது குருவிக்கா, கோழிக்கா?" என்கிறான் பெரியவன்.

அம்மா திண்ணையிலிருந்து: "நாங்க அறுப்பு முடிஞ்சா நெல்லுக் கதிரக் குஞ்சமாக் கட்டித் தொங்கவிடுவோம். கத்தியும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம்." கன்னங்குறிச்சியில் இப்போது கதிருக்கு எங்கே போவது?

மாமா சொன்னார், அக்காவின் ரத்தக் கவுண்ட் 19.

ஏப்ரல் 28, திங்கள்

21.

ஏப்ரல் 29, செவ்வாய்

கொட்டாங்குச்சி. இதற்காகவே காலையில் சட்னிக்குத் தேங்காய் உடைத்தேன். கண் இருக்கும் மூடிதான் வேண்டும். மூன்று கண்ணில் ஒன்று மெத்தென்று இருக்கும், குத்தினால் திறந்துகொள்ளும். மழை பெய்தால் தண்ணீர் அதன் வழியே இறங்கிவிடும். மேலே கொஞ்சம் தேங்காய் நார் வைத்தால் கம்பு இறங்காது. விளிம்பில் மூன்று ஓட்டை, ஆணியைச் சுட்டுப் போட்டது. ஒரே அளவு இடைவெளி எப்படி என்று நான் முழிக்க, பெரியவன் விளிம்பைச் சுற்றி நூலைப் பிடித்து, அதை மூன்றாக மடித்து, புள்ளி வைத்துக் கொடுத்தான். அக்கா புத்தி.

கொய்யா மரத்தில் கட்டினோம். படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பச் சொன்னாள் சின்னவள். அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அவ்வளவுதான்.

ஏப்ரல் 30, புதன்

யாரும் வரவில்லை. போனும்.

மே 1, வியாழன்

அணில் வந்தது. கொட்டாங்குச்சிக்குள்ளேயே உட்கார்ந்து ஊஞ்சலாடிக்கொண்டு தின்றது. பெரியவன் நோட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறான். அணிலைச் சேர்க்கலாமா கூடாதா என்று அரைமணி நேரச் சண்டை.

எனக்குக் கவலை அணில் இல்லை. பக்கத்து வீட்டு மஞ்சள் பூனை. மதில்மேல் படுத்து மரத்தையே பார்க்கிறது. நாமாகக் கூப்பிட்டு வைத்து, வந்ததை அது கவ்விக்கொண்டு போனால்? இந்தக் குழந்தைகள் கண்ணெதிரே? மரத்திலிருந்து அவிழ்த்துத் துணிக்கொடிக்கு மாற்றினேன். அங்கே வெயில். திரும்ப மரம், இந்த முறை நுனிக்கிளை. பூனை ஏறினால் கிளை தாங்காது என்று நினைக்கிறேன். ராத்திரி எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்தேன். பூனை இல்லை. ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரே ஒரு வண்டியின் விளக்கு வளைந்து வளைந்து ஏறியது. உச்சி போகும்வரை நின்றேன்.

மாமா பேசினார். கவுண்ட் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

மே 2, வெள்ளி

கோடை மழை. மலையே காணோம். தண்ணீர் இறங்கிவிட்டது, கம்புதான் ஊறிப் புளித்த வாடை. கொட்டிவிட்டு, கொட்டாங்குச்சியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தோம். பூஞ்சை பிடித்த தானியம் குருவிக்கு ஆகாது என்றேன். "அம்மாக்கும் வெளிச் சாப்பாடு ஆகாது" என்றாள் சின்னவள், ஆணியை எண்ணிக்கொண்டே.

17.

மே 3, சனி

தவிட்டுக்குருவிக் கூட்டம்! கொட்டாங்குச்சியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மரத்தடிச் சருகைப் புரட்டிப் புழு பொறுக்கின, என்ன கத்தல். அவன் 6 என்கிறான், அவள் 7 என்கிறாள். நின்றால்தானே எண்ண?

"மூக்கனேரித் திட்டுல அத்தனை கொக்கு இருக்கே சித்தி, அதுக்கெல்லாம் யாரு போடறாங்க?"

"யாரும் போடறதில்ல கண்ணு. தானே புடிச்சுத் தின்னும்."

"அப்ப நாம எதுக்குப் போடறோம்?"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். துணி எடுக்கப் போய்விட்டேன்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மண்சட்டியில் தண்ணீர் வைத்தோம். ஒரு ஜோடி சிட்டு வந்து, குடித்ததைவிடக் குளித்ததுதான் அதிகம். பெரியவன் மூச்சு விடவில்லை. சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்ததும் நாங்கள் பொய் சொல்கிறோம் என்று அழுதாள்.

அக்கா இரண்டு நிமிஷம் பேசினாள். கம்பு விலை கேட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை.

மே 5, திங்கள்

கம்பு தீர்ந்தது. செவ்வாய்ப்பேட்டை போகணும், அங்கே கிலோவுக்குக் கொஞ்சம் குறையும். நோட்டில் இன்றைய கட்டம் காலியாக இருந்தது. இன்னிக்கு எத்தனைடா என்றேன்.

"சாயங்காலம் சொல்றேன் சித்தி."