லெந்து நாட்களில் ஒரு வேலி

09.03.2025, ஞாயிறு, வட்டுக்கோட்டை

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலமான லெந்தின் முதல் ஞாயிறு. லூக்கா 18ஆம் அதிகாரம் வாசித்தார்கள். ஆலயத்தில் நின்று ஜெபித்த இரண்டு பேர்: தன்னை நீதிமான் என்று நம்பிய பரிசேயனும், தன்னைப் பாவி என்று சொன்ன வரி வசூலிக்கிற ஆயக்காரனும். பரிசேயன் என்றதும் என் மனதில் வந்து நின்றது பக்கத்துக் காணி மாஸ்டரின் முகம். மனிதர் சைவம், கோயில் குளம் என்று இருக்கிறவர். எங்கள் தேவாலயப் பக்கம் வந்ததே இல்லை. ஆனாலும் அவர்தான் வந்து நின்றார். காரணம் வேலி. போன கிழமை கிணற்றடிப் பக்கம் புதிதாக அடைத்தபோது வேலிக்கு நடுகிற தடிகளில், கதியாலில், ஒன்பதை எங்கள் பக்கம் ஒரு அடி தள்ளிப் போட்டுவிட்டார். எண்ணிப் பார்த்தேன், சரியாக ஒன்பது.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் உறைத்தது. ‘இந்த ஆயக்காரனைப்போல நான் இல்லை’ என்று அந்தப் பரிசேயன் சொன்னான். ‘இந்தப் பரிசேயனைப்போல நான் இல்லை’ என்று நான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

13.03.2025, வியாழன்

வேலிக் கதையை இதுவரை நாலு பேருக்குச் சொல்லியாயிற்று. சின்னம்மாவுக்கு, கடைக்காரருக்கு, கூடப் படிப்பிக்கிற ஒருவருக்கு, கனடாவில் இருக்கிற அண்ணனுக்கு. அண்ணன், “விடாதை, வழக்குப் போடு” என்கிறான். அங்கே இருந்துகொண்டு வழக்குப் போடச் சொல்வது சுகம்.

மத்தேயு 18:15 இதற்கு நேர்மாறு. குற்றம் செய்தவனிடம் நீ போய், அவனும் நீயும் தனித்திருக்கையில் அதை உணர்த்து என்கிறது. நான் இன்னும் கதைக்காத ஒரே ஆள் மாஸ்டர்தான்.

18.03.2025, செவ்வாய்

குசினிக் கூரையில் தீராந்தியைக் கறையான் அரித்துவிட்டது. அதை இறக்க இன்று தச்சர் வந்தார். தன் கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவன் கண்ணின் துரும்பைப் பார்க்கிறவனைப் பற்றி வேதாகமத்தில் இயேசு சொல்கிறாரே, அந்த ‘உத்திரம்’ எங்கள் ஊர்ப் பேச்சில் தீராந்திதான். அப்படியே பனைமரம். இறக்க மூன்று பேர் தேவைப்பட்டது. கிரேக்க மூலத்தில் உள்ள ‘தொகோஸ்’ என்ற சொல்லும் கூரை தாங்கும் மரத்தைத்தான் சொல்கிறது. இதைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒருவன் அடுத்தவனின் தூசியைத் தேடுகிறான் என்றால், கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். மாற்கு 6:3 இயேசுவைத் தச்சன் என்கிறது. மரவேலை தெரிந்தவரின் பகிடி அது.

அரிந்துகொண்டிருந்தபோது தச்சரின் கண்ணில் மரத்தூள் விழுந்துவிட்டது. உதவிக்கு வந்த பெடியன் கையைக் கழுவி, சாரத்து நுனியைத் தண்ணீரில் நனைத்து, இமையை இரண்டு விரலால் விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். “அசையாதேங்கோ மாமா” என்று இரண்டு தரம் சொன்னான்.

‘நியாயந்தீர்க்காதே’ என்பதை எதையும் கண்டுகொள்ளாதே என்று விளங்கிக்கொண்டு பேசுகிறவர்கள் எங்கள் சபையில் நிறைய. எனக்கு அது ஒப்பவில்லை. மத்தேயு 7:5இல் ‘முன்பு’ என்று ஒன்றும் ‘பின்பு’ என்று ஒன்றும் இருக்கிறது. முன்பு உன் கண்ணின் உத்திரம், பின்பு உன் சகோதரன் கண்ணின் துரும்பு. துரும்பு பொய் இல்லை, அதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கண் என்பது எவ்வளவு நோகிற இடம் என்று தெரிந்தவன் எடுக்க வேண்டும்.

22.03.2025, சனி

காணி உறுதியையும் வரைபடத்தையும் பெட்டியில் இருந்து எடுத்தேன், மாஸ்டரின் பிழையைப் பிடிக்க. மகள் அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடித்தாள். கிணற்றடியில் ஒரு அடி, அது சரி. அப்புறம் பின்பக்கம் போனாள். நான் அந்தப் பக்கம் வேண்டாம் என்றேன்.

“ஏனப்பா?”

உண்மையை இங்கே எழுதிவிடுகிறேன். எங்கள் மாட்டுக்கொட்டில் மாஸ்டரின் காணிக்குள் ஒன்றரை அடி நிற்கிறது. என் தகப்பன், ஐயா, கட்டியது. எல்லைக்கல் விறகுக் கும்பிக்குக் கீழே இருக்கிறது. சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். போன வருடம் விறகை ஒதுக்கியபோது கல் தெரிந்தது. திரும்ப அடுக்கி மூடியது ஐயா அல்ல, நான்.

03.04.2025, வியாழன்

வருகிற ஞாயிறு தேவாலயத்தில் அப்பமும் இரசமும் பெறுகிற திருவிருந்து. அதற்கு முன் ‘தன்னைத்தானே சோதித்தறிந்து’ என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 11:28). பக்கத்தில் முழங்காலில் நிற்பவரைச் சோதிக்கச் சொல்லவில்லை. விறகை அள்ளி மற்றப் பக்கம் போட்டேன். நாரி பிடித்துவிட்டது.

05.04.2025, சனி

காலையில் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். முதலில் கொட்டிலைப் பற்றிச் சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

“உங்கட ஐயா கட்டேக்கை நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான் தம்பி.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“சொல்லியிருக்கலாம். அந்த நேரம் நானும் றோட்டுப் பக்கம் கொஞ்சம் நீட்டிப்போட்டு நிண்டனான்.”

சிரித்தார். தமிழ் படிப்பித்தவர், குறள் சொல்லாமல் விடுவாரா? ‘தன்குற்றம் நீக்கிப் பிறர்குற்றம் காண்கிற்பின்’. அரசனுக்குச் சொன்னது, எங்களுக்கும் பொருந்தும் என்றார். அங்கேயும் அதே முன்பும் பின்பும்.

கதியால் கதையை எடுக்க எனக்கு நா எழவில்லை. ஆனாலும் எடுத்தேன். அவர் முகம் கொஞ்சம் இறுகியது. ‘கூலிக்கு வந்தவன் போட்டது’ என்றார். பிறகு, ‘சரி, அளப்பம்’ என்றார். பின்னேரம் வெயில் தாழ நூல் பிடித்துப் பார்ப்பதாகப் பேச்சு.

அண்ணன் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டான். நான் இன்னும் திருப்பி எடுக்கவில்லை.